சின்ன வண்டியே போதும் என்றவர்

என் மச்சானுக்கு ஒரு மனிதரைப் பார்த்ததும் முதலில் தெரிவது முகம் இல்லை, எடை. மனைவியின் அண்ணன் என்பதால் எனக்கு மச்சான். சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் வீடு. நான் பெண் பார்க்கப் போயிருந்தபோது கேசரித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஏற இறங்கப் பார்த்தார். சம்பளம் கேட்பார், சொந்த வீடா என்று கேட்பார் என்று பதில்களை எல்லாம் நான் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "அறுபத்திமூணு கிலோ இருப்பீங்களா?" என்றார். எனக்குக் காது சிவந்துவிட்டது. மாமியார்தான் குறுக்கே வந்து, "அவன் அப்படித்தான் தம்பி. ஆள பாத்தா கிலோ சொல்லுவான், கண்டுக்காதீங்க" என்று சமாளித்தார். கடலூர் திரும்பியதும் முதல் வேலையாக ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை மெஷினில் ஏறி நின்றேன். அறுபத்திமூன்று என்று அட்டை வந்தது. இவரிடம் இனி ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இருக்கத் தெரியவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கரும்பிலிருந்து வந்த வித்தை அது. பதினைந்து வருடம் டிராக்டர் ஓட்டியவர். தை மாசியில் ஆலைக்குக் கரும்பு லோடு, ஆடி ஆவணியில் நாற்று நடச் சேறடிப்பு. ஆலையின் எடை மேடையில் வண்டியோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி, லோடைப் பார்த்தாலே டன் சொல்லும் கண் வந்துவிட்டது. கரும்பிலிருந்து மாட்டுக்கு வந்து, மாட்டிலிருந்து மனிதர்களுக்கு வந்திருக்கிறார். கல்யாண வீட்டுக்கு அவரோடு போவது பெரிய இம்சை. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டிருப்பார்கள். என் காதுக்குள், "மாப்பிள்ள எம்பத்தாறு. பொண்ணு நாப்பத்தெட்டுதான். சாப்பாட்டுல சண்ட வரும் பாருங்க" என்பார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவேன். என் மனைவி திரும்பி முறைப்பாள். அவர் சாமி கும்பிடுகிற முகத்தோடு அட்சதையைத் தூக்கிப் போடுவார்.

கடல் ஊருக்குள் வந்து அத்தனை பேரை வாரிக்கொண்டு போன பிறகு, சிதம்பரத்தில் ஒரு நிவாரண அமைப்பு அலுவலகம் திறந்தது. வண்டி, டீசல், கிடங்கு மூன்றுக்கும் பொறுப்பாளனாக நான் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மாதம் கழித்து மச்சானை டிரைவராகச் சேர்த்துவிட்டதும் நான்தான். அலுவலகத்துக்குள் என்னை "சார்" என்பார். வண்டி கேட்டைத் தாண்டியதும் "மாப்ள" ஆகிவிடுவேன்.

அமைப்புக்கு இரண்டு ஜீப். இரண்டிலுமே தேவைப்படும்போது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பெரியது ஒன்பது பேர் உட்காரும் வெள்ளை டீசல் வண்டி. ஏசி உண்டு. சீட்டை மடக்கினால் ஓர் ஆளை நீட்டிப் படுக்க வைக்கலாம். காலியாக நிற்கும்போதே இரண்டு டன். சின்னது யாரோ ராணுவ ஏலத்தில் எடுத்து இவர்கள் கைக்கு வந்த பெட்ரோல் ஜீப். தார்ப்பாய்க் கூரை. கதவு என்று ஒன்று பெயருக்குத் தொங்கும். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். எடை பெரியதில் பாதிதான். அலுவலகத்தில் எல்லோருக்கும் பெரிய வண்டிதான் வேண்டும். மச்சான் மட்டும் காலையில் வந்ததும் ஆணியிலிருந்து சின்னதின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"நாலு சக்கரமும் இழுக்குது. பெரிய எஞ்சினு. அப்பறம் என்னா மச்சான் பயம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாலும் இழுக்கும் மாப்ள. நாலும் சேந்து தோண்டவும் தோண்டும். ரெண்டு டன்ன மேல வச்சிக்கிட்டுத் தோண்டுனா கெணறுதான்."

"அப்ப பெருச எதுக்குத்தான் வாங்கறான்?"

"தண்ணி இழுப்பா ஓடுனா பெருசு. சேறுன்னா சின்னது. மணலுன்னா சின்னது. ஆபீசர் வந்தா பெருசு." அவருடைய வாகன சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான். வண்டியைப் பற்றி அவர் பேசும்போது ஒரு திமிர் வரும். மற்ற நேரத்தில் அடங்கியே இருப்பவருக்கு அந்தத் திமிர் நன்றாகத்தான் இருந்தது.

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நடப்பார். கால் கணுக்கால் வரை போனால் எந்த வண்டியும் போகலாம். கெண்டைக்கால் வரை போனால் சின்னது மட்டும். முட்டி வரை போனால் இறங்கி நடக்கவேண்டியதுதான். "நாம நாலு பேரு தள்ளுனா வெளிய வரணும். வரலன்னா அது வண்டி இல்ல, வூடு" என்பார். நான்கு சக்கர கியரைச் சேற்றுக்குள் போவதற்கு முன்பே போடுவார். மாட்டிக்கொண்ட பிறகு போடுகிற டிரைவர்களைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

கிள்ளைக்கு அப்பால் ஒரு மீனவர் குப்பம். வீடு கட்டிக் கொடுக்கிற வேலையைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மணல்மேட்டில் டயர் காற்றைப் பாதியாகக் குறைத்த பிறகும் சின்ன வண்டி ஏறவில்லை. மச்சான் திரும்பிப் பார்த்து, "சார், நீங்க மட்டும் எறங்கி நடந்து வந்துடுங்க. தொண்ணூத்தெட்டு இருக்கறீங்க" என்றார். வண்டியில் இருந்த மூன்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிகாரி இறங்கினார். வண்டி குதித்து ஏறிப் போய்விட்டது. ஒரு கிலோமீட்டர் சுடுமணலில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அந்த மனிதர், என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார். "கரெக்டா தொண்ணூத்தெட்டுதானா சார்?" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு வேலை முக்கியம். எப்போதுமே எனக்கு வேலைதான் முக்கியமாக இருந்திருக்கிறது.

சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. இரண்டாயிரத்து ஐந்து மழையில் கொள்ளிடக் கரையோரம் ஒரு தெரு முழுக்க மாட்டிக்கொண்டது. பெரிய வண்டி கடலூரில் ரிப்பேருக்கு நின்றது. இவர் சின்ன வண்டியோடு போனார், நானும் கூடப் போனேன். இருபத்தாறு பேர். ஒரு நடைக்கு நான்கு பேருக்கு மேல் ஏற்றமாட்டேன் என்று நின்றுவிட்டார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, உதடு அசைய ஏதோ கூட்டி, நீ வா, நீ வா, நீ இரு என்று கை காட்டினார். யார் அழுதாலும் அந்தக் கை மாறவில்லை. ஒருவன் அவர் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினான். "அடிக்கறதுன்னா அடிச்சிக்க. ஏத்த மாட்டேன்" என்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அவர் மேல் வெறுப்பாக இருந்தது. உயிருக்குத் தவிக்கிறவர்களைச் சந்தையில் ஆடு பிரிக்கிற மாதிரி பிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழு நடை அடித்தார். அதுவரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒருமுறைகூட வண்டி சிக்கவில்லை. ஆனால் கடைசி நடைக்குப் போனபோது, ஈரத் துணியோடு கூரை மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் குளிரில் விறைத்துப் போயிருந்தார். அவருடைய மகன் எங்களைப் பார்த்து, "பெரிய வண்டி கொண்டாந்திருந்தா மூணு நடையில முடிஞ்சிருக்கும்" என்றான். கிழவரின் காலை மச்சான் பிடிக்க, தலைப்பக்கம் நான் பிடித்து ஏற்றினோம்.

இரண்டு நாள் மச்சான் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி என் மனைவியிடம் வந்து அழுதாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். "பெருசுல பதினோரு பேர ஏத்தியிருந்தா நடுவழியில பதினோரு பேரும் கெடந்திருப்பாங்க மாப்ள. அது எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கெழவர மொதல்லயே ஏத்தியிருக்கலாம். முப்பத்தொம்போது கிலோதான் அவுரு." ஆனால் அந்த மகன் சொன்ன சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகை. ஒரு வாரமாக விடாத மழை. கிள்ளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். இரண்டு வண்டியும் அங்கே நின்றன. இன்னொரு டிரைவர் தன் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று போய்விட்டார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டிகளுக்குப் பொறுப்பாளன், ஓட்டத் தெரியாதவன். இதை வைத்து மச்சான் என்னைச் செய்யாத கேலி இல்லை.

நண்பகல் இருக்கும். யாருடைய சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு ஒரு கிழவி வந்து இறங்கினாள். இடுப்பு வரை சேறு. நாலு கிலோமீட்டர் தெற்கே, தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மண் கரை மேல் போனால் ஒரு திட்டு. சுற்றிலும் தண்ணீர், நடுவில் முப்பது வீடு. அவளுடைய மருமகளுக்கு நிறைமாதம். மகன் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தான். "தண்ணிக்கொடம் ஒடஞ்சிபோச்சு ஐயா. ரத்தமா போவுது" என்று மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று காலைதான் அந்தக் கரையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்விட்டு வந்திருந்தார். "கெண்டக்கால் வந்துடுச்சு" என்று என்னிடம் சொல்லியும் இருந்தார். சின்னதின் சாவி பையிலேயே இருந்தது. "ஏறு ஆயா. மருமவ, நீ, நானு. மூணே பேரு. வேற யாரும் ஏறக் கூடாது."

கிழவி படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள். "மூணு பேரா? புள்ளத்தாச்சிய மூணு பேரா கூட்டிக்கிட்டு வாசப்படி தாண்டறதா? அவ ஆத்தாவும் அங்கதான் இருக்கு. அதுவும் வரட்டும் ஐயா."

மூன்று பேராகக் கிளம்பினால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. பெண் பார்க்கப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இரண்டு பேர், இல்லையென்றால் நான்கு பேர். வேறு வழியே இல்லாவிட்டால் ஒரு கல்லை எடுத்துக் கூட வைத்துக்கொண்டு அதை நான்காவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். மச்சான் கிழவியோடு வாதாடவில்லை. குனிந்து பள்ளிக்கூடச் சுவரோரம் கிடந்த எலுமிச்சம்பழம் அளவுக் கல் ஒன்றை எடுத்து ஸ்டீரிங் பக்கத்தில் வைத்தார். "இந்தா ஆயா, நாலாவது ஆளு ஏறிட்டாரு. நூறு கிராமுதான். நீ ஏறு."

அந்த நிலையிலும் கிழவிக்கு முகம் லேசாக இளகியது. "சரி ஐயா" என்று ஏறி உட்கார்ந்தாள்.

அவர்கள் அப்போதே போயிருக்க வேண்டும். நான்தான் மச்சானைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"பெரிய வண்டிய எடுங்க மச்சான்."

"என்னா மாப்ள சொல்றீங்க? காலைலயே சொன்னனே."

"ரத்தம் போற பொண்ண ஒக்கார வச்சா கூட்டியாருவீங்க? படுக்க வைக்கணும்."

"கெழவி மடியில சாச்சிக்கலாம். அர மணி நேரம்."

"திட்டுல வேற ஆளுங்களும் ஜுரத்துல கெடக்கறாங்களாம். ஒரே நடையில எல்லாம் வந்துடும். அந்தக் கெழவர் செத்தத மறந்துட்டீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தே அடித்துவிட்டேன். "மறக்கல மாப்ள. அது குளிரு. இது சேறு. வேற வேற" என்றார் மெல்ல.

"கெழவியே மூணு பேரா வரமாட்டேங்குது. அவுங்க மனசும் பாக்கணும்ல?"

"அதான் ஒத்துக்கிச்சே."

"நான் சொல்றத எடுங்க. இங்க பொறுப்பு நானு."

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. "சரிங்க சார்" என்றார். கேட்டுக்கு வெளியே அவர் என்னைச் சார் என்றது அன்றைக்குத்தான்.

ஏன் அப்படிச் செய்தேன்? படுக்க வைக்க வேண்டும் என்பது உண்மை. செத்த கிழவரின் மகன் சொன்னதை நான் நம்பியதும் உண்மை. ஆனால் அன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில், "அவ்வளவு பெரிய வண்டிய குடுத்திருக்கோம், சும்மா நிக்குதாமே? வேற மாவட்டத்துக்குத் தள்ளிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். பெரிய வண்டியில் நான் முன்னால் உட்கார்ந்து போய் ஒரு திட்டையே காப்பாற்றிக் கூட்டிவந்ததாக அவருக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. மூன்று பேர் சாஸ்திரத்தில் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை கிடையாது. கிழவியின் நம்பிக்கை என் கைக்கு வாகாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பேச்சு கிழவிக்குக் கேட்டிருக்காது. மச்சான் திரும்பிப் போய், "எறங்கு ஆயா, பெரிய வண்டியில போலாம்" என்றார். "அப்ப அவ ஆத்தாவும் வரலாமா?" என்று கேட்டாள். "வரலாம்" என்றார்.

போகும்போது மூன்று பேர்தான். கரை முனகியது, ஆனால் தாங்கியது. நான் மச்சானைப் பார்த்தேன், பார்த்தீர்களா என்கிற மாதிரி. அவர் கண்ணாடியில் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். திரும்பும்போது அந்தப் பெண்ணை நடுவில் நீட்டிப் படுக்க வைத்தோம். இருபத்திரண்டு வயது இருக்கும். உதடு வெளுத்திருந்தது. தலைமாட்டில் அவளுடைய அம்மா, கால்மாட்டில் கிழவி, பின்னால் ஜுரத்தில் சுருண்ட ஓர் ஆள், அவருடைய மனைவி, முன்னால் நான். ஏறுகிற ஒவ்வொருவரையும் அவர் பார்த்தார். உதடு அசைந்தது.

"என்னா மச்சான்?"

"ஒண்ணுமில்ல சார்."

பாதிக் கரையில் வலது பின்சக்கரத்துக்குக் கீழே மண் வழுக்கிக்கொண்டு போனது. சத்தம்கூட இல்லை. வண்டி மெதுவாக வயல் பக்கம் சாய்ந்து அச்சு வரை உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினோம். பனையோலையை வெட்டிப் போட்டோம். சாக்கைப் போட்டோம். நான்கு சக்கரமும் சுற்றின, நான்கும் தோண்டின. சேறு என் வாய்க்குள் போனது. உள்ளே அந்தப் பெண் முதலில் கத்தினாள், பிறகு முனகினாள். அரை மணி நேரம் கழித்து மச்சான் கையை உதறிவிட்டு, "நான் போயி சின்னத எடுத்தாரேன்" என்று ஓடினார். சேற்றில் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து ஓடினார். தார் ரோட்டில் யாருடைய பைக்கையோ மறித்து ஏறியது தூரத்தில் தெரிந்தது.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எழுத மாட்டேன். அவளுடைய அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று மட்டும் சொல்கிறேன்.

சின்ன வண்டி கரை நெடுகப் பின்புறமாகவே வந்தது. திரும்ப இடம் இல்லாததால் ரிவர்சிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வெளியே போகும்போது நேராகப் போகலாம் அல்லவா? அந்தப் பெண்ணைத் தூக்கிக் கிழவி மடியில் சாய்த்தோம். மூன்று பேராகப் போனார்கள். ஒரு சக்கரம்கூட வழுக்கவில்லை. கண்ணை விட்டு மறையும் வரை ஒரே சீராகப் போன அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது சரி என்பதை ஒரு கிலோமீட்டருக்கு நின்று பார்க்க வேண்டியிருந்தது.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. பிள்ளையும் தங்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மச்சான் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஆள் வந்தார். முதலில் திட்டுக்குப் போய்க் கிழவியிடம், "மூணு பேரா வரமுடியாது, இன்னொருத்தர் வரணும்னு நீங்க சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார். சொன்னேங்க என்று அவள் ஒப்புக்கொண்டாள். பிறகு அலுவலகத்தில் என்னையும் மச்சானையும் எதிரெதிரே உட்கார வைத்து, பெரிய வண்டியை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "நான்தாங்க எடுத்தேன். யாரும் சொல்லல" என்றார். நான் வாயை மூடியே வைத்துக்கொண்டேன். குடும்பத்தார் வற்புறுத்தியதால் டிரைவர் தன் முடிவில் பெரிய வாகனத்தை எடுத்தார் என்று எழுதி நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அவருக்கு அன்றோடு வேலை போனது.

மறுபடி டிராக்டருக்குப் போய்விட்டார். ஒருமுறை ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போயிருந்தபோது, கூட்டத்தில் தனியாக அகப்பட்டார். "ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். ஐந்தாறு மாதம் தொண்டையில் வைத்திருந்த கேள்வி.

"தங்கச்சி வூட்ல அடுப்பு எரிய வேணாமா?" என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "அதுவும் இல்ல மாப்ள. ஸ்டீரிங்கப் புடிச்சவன் நானு. முடியாதுன்னு சாவியத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். எறியல. தெரிஞ்சே ஓட்டுனேன். அப்ப நான்தான எடுத்தது?" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் என்னை அழ விட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் கரும்புச்சாறு வாங்கி வந்தார்.

வீட்டில் என் மனைவி பல முறை கேட்டிருக்கிறாள். "சின்ன வண்டி சின்ன வண்டின்னு உசுர விடுவாரே எங்கண்ணன், அன்னிக்கு மட்டும் ஏங்க பெருச எடுத்தாரு? என்னா புத்தி மாறிப் போச்சு அவருக்கு?" தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆடியில் மாரடைப்பு. சேறடித்துக்கொண்டிருந்தவர் டிராக்டர் மேலேயே சாய்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயது. வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். என் மனைவி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணி வாக்கில் கையில் ஒரு மாலையோடு ஒரு கிழவி வந்தாள். எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். மாலையைப் போட்டுவிட்டு, நேராக என்னிடம் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் அன்னிக்கு இருந்தீங்கல்ல ஐயா?"

"இருந்தேன் ஆயா."

"வருசா வருசம் அந்த நாளுக்கு எங்கூட்டுக்கு வந்துடுவாரு. நான் அழுதுகிட்டே கெடப்பேன். நான் நாலு பேருன்னு கேட்டதாலதான பெரிய வண்டி வந்துச்சு? கடசில மூணு பேராத்தான போனோம்? அப்பவே போயிருந்தா பொழச்சிருப்பாளேன்னு அழுவேன். 'ஒன்னால இல்ல ஆயா, நீ கல்லுக்கு ஒத்துக்கிட்ட. பெருச எடுத்தது நானு, எம் புத்தி'ன்னு சொல்லுவாரு. அதக் கேட்டாத்தான் ஒரு வருசத்துக்கு எனக்குச் சோறு எறங்கும்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இனிமே யாரு வந்து சொல்லுவா? எம் மனசு ஆறட்டும்னு சொன்னாரா, நெசமாத்தான் சொன்னாரா? நீங்க சொல்லுங்க ஐயா."

நான் எடுக்கச் சொன்னேன் ஆயா என்று சொல்லியிருந்தாலும் அவளுக்கு அதே நிம்மதிதான் கிடைத்திருக்கும். கல்லை எடுத்து வைத்தவர் எதிரே படுத்திருந்தார். தங்கை பக்கத்தில் இருந்தாள். இதைவிட ஓர் இடம், இதைவிட ஒரு நேரம் எனக்கு இனி வாய்க்கப் போவதில்லை என்று அப்போதே தெரிந்தது.

"நெசந்தான் ஆயா. அவருதான் எடுத்தாரு" என்றேன்.

என் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழவி பெருமூச்சு விட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் சாமி" என்றாள்.